கட்டை விரலுக்குக் கட்டுப்படும் ரீல்

பெரிய மீனுக்காக பெய்ட்காஸ்டிங் ரீல் வாங்க நினைப்பவர்களுக்குப் பாலக்காட்டு வயலும் இடுக்கி மலையாறும் கற்றுத்தரும் பாடங்கள்

கொல்லங்கோட்டுக்கு அருகே அறுவடை முடிந்த வயல் அது. பின்னால் தென்மலை சுவர் எழுப்பியது போல் நிற்கிறது. சொட்டுத் தண்ணீர் கிடையாது. வரப்பில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த இரண்டு சிறுவர்கள் பார்த்திருக்க, ஏழடி ராடைப் பின்னால் சாய்த்து ஒரு ரப்பர் தவளையை வீசினேன். தவளை பத்தடி போய்த் தாளடியில் விழுந்தது. ரீலுக்குள் சர்ரென்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால், எண்ணெய் காணாத சடை போல நூல் பொங்கி நிற்கிறது. சிக்கெடுக்க முக்கால் மணி நேரம் பிடித்தது. சிறுவர்கள் சிரித்ததில் தப்பே இல்லை. தண்ணீரில்லாத வயலில் தூண்டில் வீசும் ஆசாமியை அவர்கள் வேறெப்படிப் பார்ப்பார்கள்?

ஆனால் வயல்தான் சரியான இடம். ரீலை இரவல் கொடுத்த நண்பர் இரண்டு நிபந்தனைகள் போட்டிருந்தார். தவளையின் முள்ளை வெட்டிவிட வேண்டும். குறைந்தது ஒரு வாரம் காய்ந்த நிலத்தில் வீசிப் பழகிய பிறகுதான் கரைக்குப் போக வேண்டும். இரண்டுக்கும் காரணம் இருந்தது.

பாலக்காட்டிலும் இடுக்கியிலும் தூண்டில் புதிய சமாச்சாரம் இல்லை. மூங்கில் கழி, தங்கூஸ் நரம்பு, மண்புழு, தக்கை என்று வாய்க்கால் கரையில் உட்காருவது தலைமுறை தலைமுறையாக நடப்பதுதான். புதிது, பைக்கின் பக்கவாட்டில் ராடைக் கட்டிக்கொண்டு வரால் தேடிக் கிளம்பும் இளைஞர் கூட்டம். இவர்களில் முதல் முறையாக பெய்ட்காஸ்டிங் ரீல் வாங்குபவர் பெரும்பாலும் பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் எண்களைப் பார்த்தே வாங்குகிறார். எத்தனை பேரிங், எத்தனை கிலோ டிராக் என்று. பணம் வீணாவது ஒரு பக்கம். பொருந்தாத ரீலால் நூல் அறுந்தால், வாயில் முள்ளும் பின்னால் பல மீட்டர் நூலுமாகப் புதருக்குள் போய்ச் சிக்கிக்கொள்வது மீன்.

இந்த ரீலின் குணத்தைப் புரிந்துகொள்ளப் பட்டம் விட்ட அனுபவம் போதும். பட்டம் இழுக்க இழுக்க நூல் சுற்றிய உருளை சுழலும். பட்டம் திடீரென்று தொய்ந்தாலும் உருளை தன் வேகத்தில் சுழன்றுகொண்டே இருக்கும். நூல் கொளகொளவென்று குவியும். பெய்ட்காஸ்டிங் ரீலிலும் இதே கதை. வீசிய இரை நூலை இழுக்க, ஸ்பூல் சுழல்கிறது. காற்றின் எதிர்ப்பில் இரையின் வேகம் குறைந்தாலும் ஸ்பூல் குறைத்துக்கொள்வதில்லை. போக வழியில்லாத நூல் உள்ளேயே சடை விழுகிறது. சாதாரண ஸ்பின்னிங் ரீலில் இந்தத் தொல்லை இல்லை. அதில் வீசும்போது ஸ்பூல் அசையாமல் நிற்கும். நூல் அதன் விளிம்பிலிருந்து வழுக்கிக்கொண்டு போகும். 

பிறகு எதற்கு இந்த வம்பு? பெரிய மீனை இழுக்கும்போது வித்தியாசம் தெரிகிறது. ஸ்பின்னிங் ரீலில் நூல் ஒரு சிறு உருளையின் மேல் செங்கோணமாகத் திரும்பித்தான் ஸ்பூலை அடைகிறது. பெய்ட்காஸ்டிங்கில் நேர்கோடு. இழுவை நேராகக் கியருக்கு வருகிறது. தடித்த நூலையும் முறுக்கேறாமல் சுற்றுகிறது. இரை எங்கே விழ வேண்டும் என்பதைக் கடைசி நொடி வரை கட்டை விரலால் தீர்மானிக்கவும் முடிகிறது. இலைகளுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளியில் தவளையை இறக்க வேண்டிய வரால் வேட்டைக்கு இது பெரிய வசதி.

இந்தக் கருவி கடிகாரக்காரர்களின் கைவேலை என்பது பொருத்தம்தான். அமெரிக்காவின் கென்டக்கியில் ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரம் செய்பவர் 1820 வாக்கில், கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் ஸ்பூல் பல சுற்றுச் சுற்றும் ரீலை உருவாக்கினார். ஸ்வீடனின் ஸ்வாங்ஸ்டாவில் 1921-ல் தொடங்கிய அபு நிறுவனமும் முதலில் கடிகாரமும் டாக்ஸி மீட்டரும் செய்ததுதான். 1950-களின் தொடக்கத்தில் அது கொண்டுவந்த வட்ட வடிவ ரீலின் பெயர் அம்பாசடர். நமக்கு அம்பாசடர் என்றால் கார். அந்தக் கார் 2014-ல் நின்றுபோயிற்று. ரீல் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. காவிரியில் மஹசீர் பிடித்தவர்களின் பேச்சில் இந்தப் பெயர் அடிக்கடி அடிபடும்.

சரி, எந்த மீனுக்காக வாங்குகிறோம்? ரீலைப் பற்றிய கேள்விக்கு முன்னால் வரவேண்டிய கேள்வி இது.

பாலக்காட்டுப் பக்கம் முதல் பதில் வரால். தமிழர் வாயில் இன்று அது விரால் ஆகிவிட்டது. சங்கப் பாடல்களின் மருத நிலத்தில் நீந்துவது வரால்தான், அளபெடையில் வராஅல். மலையாளி அந்தப் பழைய சொல்லை அப்படியே வைத்திருக்கிறார். குளத்தில் சாதாரண வரால். அணைகளிலும் ஆறுகளிலும் பல கிலோவுக்கு வளரும் சேறுமீன். அதற்கும் மேலே, மேற்குத் தொடர்ச்சி மலையின் தெற்குப் பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத வாக. இந்த வாகவுக்கு ஒரு தனிச் சோகம் உண்டு. 1865-ல் பிரான்சிஸ் டே தனி இனமாக விவரித்தார். பின்னால் அது தென்கிழக்கு ஆசிய வரால் ஒன்றோடு சேர்க்கப்பட்டுவிட்டது. 146 ஆண்டுகள் கழித்து 2011-ல்தான் அது மீண்டும் தனி இனம் என்று நிறுவப்பட்டது.

வரால் சண்டையிடும் விதம் ரீலைத் தீர்மானிக்கிறது. அது நெடுந்தூரம் ஓடும் மீன் அல்ல. ஆகாயத்தாமரைக்கும் ஆம்பல் கொடிக்கும் கீழே படுத்திருக்கும். காற்றைச் சுவாசிக்கும் மீன் என்பதால் அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்று குடிக்கும். கரையில் நிற்பவருக்கு அந்தக் குமிழிதான் துப்பு. இலை மேல் தவ்விப் போகும் ரப்பர் தவளையைக் கண்டதும் தண்ணீர் வெடித்தது போல் பாயும். கவ்விய அடுத்த கணம் தலையைத் திருப்பிக் கொடிக்குள் நுழையப் பார்க்கும். நுழைந்துவிட்டால் கதை முடிந்தது. ஆக இங்கே வேண்டியது 200 மீட்டர் நூல் அல்ல. முதல் இரண்டு மீட்டரில் அதன் தலையைத் திருப்பும் பலம்.

ஆகவே வரால் ரீல் கைக்குள் அடங்கும் தாழ்ந்த வடிவத்தில் இருப்பது நல்லது. நாள் முழுக்க நூற்றுக்கணக்கில் வீச வேண்டியிருக்கும். கனமான ரீல் மணிக்கட்டை ஒடித்துவிடும். ஷிமானோ, டாய்வா, அபு கார்சியா என்று எந்தப் பெயராக இருந்தாலும் 150 முதல் 200 வரை எண்ணிட்ட அளவு போதும். கியர் விகிதம் 7:1-ஐ ஒட்டி இருக்கட்டும். கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஸ்பூல் ஏழு சுற்று என்று பொருள். தவளையை ஆட்டும்போது நூல் தொய்ந்துகொண்டே இருக்கும். மீன் பாயும் நொடியில் அந்தத் தொய்வை விரைந்து சுருட்ட வேண்டும். ஆழத்தில் இழுவை மிகுந்த இரையை ஓட்டுபவர்களுக்கு மட்டும் 5:1 சமாசாரம். வேகம் குறைவு, பலம் அதிகம். மலையேறும்போது வண்டியை இரண்டாவது கியருக்கு மாற்றுவதில்லையா?

பேரிங் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். பத்து மட்டமான பேரிங்கைவிட நாலு நல்ல பேரிங் மேல். கடையில் செய்ய வேண்டிய சோதனை வேறு. டிராக்கைப் பாதி இறுக்கி, நூலைக் கையால் மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஸ்பூல் வெண்ணெய் போல் நழுவ ஆரம்பிக்க வேண்டும். முதலில் முரண்டு பிடித்துப் பிறகு படாரென்று விடுகிறது என்றால், பெட்டியில் 10 கிலோ என்று எழுதியிருந்தாலும் அந்த ரீல் வேண்டாம். பெரிய மீன் நூலை அறுப்பது பெரும்பாலும் அந்த முதல் முரண்டில்தான். கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். கியரில் ஆட்டம் தெரியக் கூடாது. இடக்கையால் சுற்றுவதா வலக்கையால் சுற்றுவதா என்பதையும் வாங்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும். ஸ்பின்னிங் ரீல் மாதிரி பிறகு கைப்பிடியைக் கழற்றி மறுபக்கம் மாட்ட முடியாது.

நூல் விஷயத்தில் வராலுக்குப் பின்னல் நூல்தான். 50 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 23 கிலோ தாங்கும் பின்னல் நூலின் தடிமன் 0.36 மில்லிமீட்டர் அளவுதான். கொடியை அரிந்துகொண்டு வரும், நீளாது. ஆனால் வழவழப்பான ஸ்பூலின் மேல் நேரடியாகச் சுற்றினால் மொத்த நூலும் ஒரு வளையமாக வழுக்கும். டிராக் கெட்டுவிட்டது என்று நினைத்து ரீலைத் திருப்பிக் கொடுக்கப் போனவர்கள் உண்டு. அடியில் சில மீட்டர் தங்கூஸ் நரம்பைச் சுற்றி, அதில் பின்னல் நூலை முடிந்தால் இந்தத் தொல்லை இல்லை. சுற்றும்போது ஈரத்துணியால் நூலை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். தளர்வாகச் சுற்றிய பின்னல் நூல், மீன் இழுக்கும்போது கீழ் அடுக்குகளுக்குள் புதைந்து மாட்டிக்கொள்ளும். ஸ்பூல் விளிம்புக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் கீழே நிறுத்திவிடுங்கள். தளும்பத் தளும்ப நிரப்பியது என் முதல் தவறு.

இனி வயலுக்கு வருவோம். இரை ராடின் நுனிக்குக் கீழே ஒரு சாண் தொங்கட்டும். கைப்பிடிப் பக்கம் நட்சத்திர வடிவ டிராக் சக்கரத்துக்கு அருகே ஒரு சிறு திருகு இருக்கும். ஸ்பூலின் அச்சை அழுத்திப் பிடிப்பது அதுதான். கட்டை விரலால் பொத்தானை அழுத்தி ஸ்பூலை விடுவித்தால் இரை கீழே இறங்க வேண்டும். விழக் கூடாது, இறங்க வேண்டும். அது தரையைத் தொட்டதும் ஸ்பூல் தானாக நிற்கும் வரை திருகை இறுக்குங்கள். இரையின் எடை மாறினால் இதை மறுபடி செய்ய வேண்டும். 12 கிராம் தவளைக்குச் சரியாக இருந்த இறுக்கம் 20 கிராம் கரண்டிக்குச் சரிப்படாது.

அடுத்தது பிரேக். இது இரண்டு வகை. காந்த பிரேக்கில் வெளியே 1 முதல் 10 வரை எண் போட்ட சக்கரம் இருக்கும். வீச்சு முழுவதும் ஸ்பூலை மெல்லப் பிடித்துக்கொண்டிருக்கும். மையவிலக்கு பிரேக்கில் பக்கத் தகட்டைத் திறந்தால் சிறுசிறு கட்டைகள். ஸ்பூல் வேகமாகச் சுழலும்போது அவை வெளியே தள்ளப்பட்டு உரசும். வேகம் அதிகமாக உள்ள வீச்சின் தொடக்கத்தில்தான் இதற்கு வேலை. இந்தக் கட்டைகளை எதிரெதிர் ஜோடியாகத்தான் இயக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பூல் தள்ளாடும். எந்த வகையானாலும் புதியவர் முக்கால் பங்கு பிரேக்கில் ஆரம்பிப்பது உத்தமம். தூரம் குறையும், பரவாயில்லை. கை பழகப் பழக ஒவ்வோர் எண்ணாகக் குறைக்கலாம்.

மிச்ச வேலை கட்டை விரலுடையது. வீசும்போது அது ஸ்பூலின் மேல் பட்டும் படாமல் இருக்க வேண்டும். இரை தரையைத் தொடுவதற்கு ஒரு கணம் முன்னால் அழுத்தி நிறுத்த வேண்டும். இதை எழுத்தில் சொல்லித்தர முடியாது. கும்மாயம் பூசும் கொத்தனாரின் கரண்டி போல அது கைக்கு வர வேண்டும். சடை விழுந்துவிட்டால் கண்டபடி பிடுங்காதீர்கள். டிராக்கை இறுக்கி, கட்டை விரலால் ஸ்பூலை அழுத்திக்கொண்டு கைப்பிடியை இரண்டு சுற்றுச் சுற்றி, பிறகு நூலை இழுத்துப் பாருங்கள். பாதிச் சிக்கு இதிலேயே விட்டுப்போகும். எனக்கு இந்த உபாயம் தெரிந்தது ஐந்தாம் நாள்.

தவளை ரப்பரில்தான் இருக்க வேண்டுமா, வயலில் இல்லாததா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நிஜத் தவளையைத் தொட வேண்டாம். தவளைக்கால் ஏற்றுமதியையே இந்தியா 1987-ல் தடை செய்துவிட்டது. இன்னொன்று: செந்நிறக் குஞ்சுகள் ஒரு பந்து போல் மேற்பரப்பில் மொய்க்கும் இடத்தில் தாயும் தந்தையும் காவல் இருக்கும். பக்கத்தில் எது வந்தாலும் பாயும். அங்கே வீசினால் மீன் நிச்சயம் என்பது எல்லோருக்கும் தெரியும். பெற்றோரைத் தூக்கிவிட்டால் அந்தக் குஞ்சுகள் மற்ற மீன்களுக்குத் தீனி. அதில் என்ன திறமை இருக்கிறதென்று எனக்கு விளங்கவில்லை. மழை தொடங்கியதும் முட்டையிட வயலுக்கு ஏறிவரும் மீன்களை வாரும் 'ஊத்த' பிடித்தத்துக்குக் கேரளம் சட்டத்தால் தடை போட்டிருக்கிறது. தூண்டில்காரர்களும் அந்த மாதங்களில் ரீலைத் துடைத்து வைத்துவிடலாம்.

எங்கே வீசுவது என்பதும் விசாரித்துச் செய்ய வேண்டியது. மலம்புழா அணை 1955-ல், பாலக்காடு இன்னும் சென்னை ராஜ்யத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தபோது திறக்கப்பட்டது. இப்படிப்பட்ட அணைகளில் மீன் பிடிப்பது பலருக்கு வயிற்றுப்பாடு. உரிமை கூட்டுறவுச் சங்கத்திடமோ மீன்வளத் துறையிடமோ இருக்கும். கேட்காமல் ராடை விரிப்பது அடுத்தவர் தோப்பில் தேங்காய் பறிப்பது மாதிரி.

பாலக்காட்டுக் குளத்தை விட்டு இடுக்கி மலையாற்றுக்குப் போனால் கணக்கு முழுக்க மாறுகிறது. கேரளத்தின் 44 ஆறுகளில் 41 மேற்கே ஓடி அரபிக் கடலில் கலக்கின்றன. கபினி, பவானி, பாம்பாறு என்ற மூன்று மட்டும் கிழக்கே திரும்பிக் காவிரியைச் சேர்கின்றன. நீலகிரியில் பிறக்கும் பவானி பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடிக்குள் புகுந்து மீண்டும் தமிழகம் வருகிறது. இடுக்கியின் பாம்பாறு மறையூரையும் சின்னாறு சரணாலயத்தையும் தாண்டி அமராவதி அணைக்கு வருகிறது. உடுமலையிலிருந்து மூணாறு போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் பார்த்திருப்பார்கள்.

காவிரிப் படுகையின் பெரிய வேட்டை மீன் மஹசீர். 1946-ல் கபினியில் ஒன்று பிடிபட்டது. பிடித்தவர், மைசூரில் வேட்டை மிருகங்களைப் பாடம் செய்து கொடுத்த குடும்பத்தைச் சேர்ந்த டி வெட் வான் இங்கன். எடை 120 பவுண்டு, சுமார் 54 கிலோ. தூண்டிலில் பிடிபட்ட மஹசீருக்கு இதுதான் இன்றுவரை சாதனை.

மஹசீர் வரால் போலக் கொடிக்குள் ஒளிவதில்லை. நீரோட்டத்தோடு சேர்ந்து பாறைகளுக்கு நடுவே கீழ்நோக்கி ஓடும். நூறு மீட்டர் ஓடிய பிறகும் நிற்காது. கைக்கு அடக்கமான வரால் ரீலின் நூல் அதற்குள் தீர்ந்துவிடும். காவிரிக் கரை முகாம்களில் 200, 300 மீட்டர் தடித்த தங்கூஸ் கொள்ளும் வட்ட ரீல்களைப் பயன்படுத்தியது அதனால்தான். இரையோ வெறும் ராகிக் களி உருண்டை. பாறையில் உரசினால் பின்னல் நூல் சட்டென்று அறும், தங்கூஸ் தாங்கும்.

இங்கே டிராக்கின் கணக்கைக் கவனிக்க வேண்டும். பொது விதி, நூலின் தாங்கு திறனில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு. 40 பவுண்டு நூல் 18 கிலோ தாங்கும் என்றால் டிராக் நாலரை முதல் ஆறு கிலோ வரை. கை உத்தேசம் வேண்டாம். கடைத்தெருவில் கிடைக்கும் ஸ்பிரிங் தராசின் கொக்கியில் நூலைக் கட்டி இழுத்தால் முள் சொல்லிவிடும். ஆனால் மீன் ஓட ஓட ஸ்பூலில் நூல் குறைகிறது, சுருளின் ஆரம் சுருங்குகிறது. சக்கரத்தை யாரும் தொடாமலே டிராக் ஏறிக்கொண்டே போகும். ஆரம் பாதியானால் இழுவை இரட்டிப்பு. ஆறு கிலோவுக்கு வைத்தது பன்னிரண்டாகிவிடும். கரையில் நிற்பவர் பயந்து இன்னும் கொஞ்சம் இறுக்கினால் அறுந்தது நூல். ஓட்டம் நீளும்போது டிராக்கைச் சற்றுத் தளர்த்துவதுதான் சரி. பயத்தில் கை எதிர்ப்பக்கம் திருப்பும்.

இத்தனையும் சொல்லிவிட்டு, பாம்பாற்றில் போய் வீசுங்கள் என்று சொல்ல முடியாது. சின்னாறு வனவிலங்கு சரணாலயம். உள்ளே தூண்டில் கூடாது. காவிரியின் புகழ்பெற்ற கலிபோர் முகாமிலும் இன்று தூண்டில் இல்லை. காரணம் வெறும் சட்டப் புத்தகம் அல்ல. கலிபோரில் பிடித்து விட்ட மீன்களை இனம் பிரித்து எழுதிவைத்த குறிப்புகள் 1998 முதல் 2012 வரை இருந்தன. அவற்றை ஆய்வாளர்கள் அலசியபோது, வேறு படுகையிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மஹசீர் பெருகியிருந்தது. காவிரிக்கே உரிய திமில் மஹசீர் அருகிப்போயிருந்தது. இத்தனை பெயர் பெற்ற மீனுக்கு முறையான அறிவியல் பெயர்கூட இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. மோயாற்றில் தேடிக் கண்டுபிடித்த மீன்களை ஒப்பிட்டுப் பார்த்து 2018-ல் விடை சொன்னார்கள். பாம்பாற்றில் சிறு மீன்களை வைத்துக் கேரள ஆய்வாளர்கள் ஏற்கெனவே விவரித்திருந்த டோர் ரேமாதேவியும் 54 கிலோ ராட்சதனும் ஒரே இனம். மீனியல் ஆய்வாளர் ரேமா தேவியின் பெயரால் அமைந்த பெயர் அது. அதே ஆண்டு நவம்பரில் அந்த மீன் மிக அபாய நிலையில் உள்ள இனமாகச் சிவப்புப் பட்டியலில் சேர்ந்தது. மறையூரில் கோவில்கடவு பாலத்தில் நின்று பார்ப்பவருக்குப் பாம்பாறு ஒரு சிறிய ஓடை. அந்த ஓடையில் என்ன ஓடுகிறது என்பது சொன்னால்தான் தெரியும்.

இந்த இனங்களை விட்டுத் தள்ளி, அனுமதியுள்ள நீரில் வேறு பெரிய மீன் எதிர்பாராமல் மாட்டினாலும் பலமான ரீலுக்கு ஒரு நியாயம் உண்டு. மெல்லிய நூலில் ஒரு மணி நேரம் போராட விட்டுக் கரையேற்றிய மீன், தண்ணீரில் விட்டாலும் பிழைப்பது சந்தேகம். பலமான கருவியில் பத்து நிமிடத்தில் முடித்து, ஈரக் கையால் முள்ளை எடுத்து, மூச்சு சீராகும் வரை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்திருந்து விட்டால் பிழைக்கும். முள்ளின் எதிர்முனையைக் குறட்டால் நசுக்கிவிட்டால் கழற்றுவதும் சுலபம். ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு மட்டும் இந்த உபசாரம் வேண்டாம். வளர்க்கவே தடை விதிக்கப்பட்ட அந்த மீனைத் திரும்ப ஆற்றில் விடுவது நன்மை அல்ல.

வீடு திரும்பியதும் டிராக்கை முழுவதும் தளர்த்திவிட வேண்டும். இறுக்கியே வைத்தால் உள்ளிருக்கும் வட்டத் தகடுகள் அமுங்கிப்போய் அடுத்த முறை முரண்டு பிடிக்கும். ஈரத்துணியால் துடைத்து, இருபக்க பேரிங்கிலும் ஒரே ஒரு சொட்டு எண்ணெய். இரண்டாவது சொட்டு வேண்டாம்.

கொல்லங்கோட்டு வயலில் ஏழாம் நாள். சிறுவர்கள் ஒரு பழைய சைக்கிள் டயரை இருபத்தைந்து அடி தள்ளிப் போட்டிருந்தார்கள். பிரேக் ஆறில். விரல் பட்டும் படாமலும். ஒன்பதாவது வீச்சில் தவளை டயருக்குள் விழுந்தது. சிறியவன் ஓடிவந்து, தான் ஒரு தடவை வீசலாமா என்று கேட்டான். ராடைக் கொடுத்தேன். பழகிய கை போலப் பின்னால் சாய்த்து வீசினான். சர்ரென்று சத்தம். இந்த முறை நானும் பெரியவனும் சிரித்தோம். பிறகு மூவரும் வரப்பில் உட்கார்ந்து சிக்கெடுத்தோம்.